காவா வேரும் நான் சொன்ன ஒரு பொய்யும்

இந்தப் பக்கத்தில் புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் உங்களிடம் முதல் மாதத்திலேயே கையில் கயிறு கட்டிய ஒருவர் வந்துவிடுவார். குடியை விடுவதற்காகக் கோயிலில் கட்டிக்கொண்ட கயிறு அது. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று கெடு வைத்து, சாமி முன்னால் சத்தியம் செய்து, பூசாரி கையால் கட்டிக்கொள்வார்கள். கயிறு கட்டியவரை யாரும் கடைக்குக் கூப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில்கூட, "அவரு கவுறு கட்டியிருக்காருப்பா, உட்ருங்க" என்று ஒருவர் சொன்னால் போதும், வற்புறுத்தல் நின்றுவிடும். நான் எழுதிக் கொடுத்த மாத்திரைகளுக்கு அசையாத சிலர் அந்தக் கயிற்றுக்கு அடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரிடம் குடிக்கிறீர்களா என்று கேட்பது அவரையும் சாமியையும் சேர்த்து அவமதிப்பது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நானும் கேட்டதில்லை. கயிறு கண்ணில் பட்டதும் அந்தக் கேள்வியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவேன்.

நாமக்கல்லில் முப்பத்து நான்கு வருடம் பொது மருத்துவம் பார்த்துவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன் கிளினிக்கை மூடினேன். உங்கள் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் சில இடங்களை விழுங்கிவிடுவேன் என்ற பயம்தான் காரணம்.

நல்லசிவம் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேஸ்திரி. நாற்பத்தாறு வயது. பதினைந்து வருடமாக என்னிடம்தான் வருவார். நன்றாக வேலை தெரிந்தவர், நன்றாகக் குடித்தவர். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதை ஸ்கேனில் காட்டி இரண்டு முறை எச்சரித்திருந்தேன். இரண்டு முறையும் தலையாட்டிவிட்டுப் போனார். மகள் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த ஆடி மாதத்தில், தானாகவே போய் ஒரு வருடத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். மனைவி சரஸ்வதியும் கூடப் போயிருந்தார். அந்த ஒரு வருடமும் செருப்புப் போடுவதில்லை என்று அவரும் வேண்டிக்கொண்டாராம். தார் ரோட்டில் வெறுங்காலோடு கிளினிக்குக்கு வந்து நின்றபோது எனக்கே கூசியது.

குடியை நிறுத்தியவர்களுக்குத் தூக்கம் போய்விடும். கை நடுக்கமும் வியர்வையும் அடங்கும் வரை மாத்திரை கொடுத்தேன். பிறகு அதுவும் பழக்கமாகிவிடக் கூடாதென்று படிப்படியாக நிறுத்தினேன். அதுவரை நான் செய்தது சரி. மற்ற நோயாளிகளிடம், "நல்லசிவத்தைப் பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள், மதியம் ஒன்றரை மணிக்குக் கிளினிக்கைப் பூட்டப் போகும் நேரத்தில் வந்தார். கம்பவுண்டர் சாப்பிடப் போயிருந்தார்.

"சோத்துக்குப் பொறப்பட்டீங்களாட்ட இருக்குதுங்க. ரெண்டே நிமிசமுங்க."

"உன் ரெண்டு நிமிஷம் அரை மணி நேரம்யா. சரி, உட்காரு."

பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு டம்ளர், ஒரு வெள்ளைத் துணி, ஒரு பொட்டலம் என்று ஒவ்வொன்றாக என் மேசைமேல் வைத்தார்.

"என்னய்யா, இங்கயே கடை போட்டுட்ட?"

"மச்சினன் பிஜித் தீவுல போர்வெல் ரிக்கு ஓட்டறானில்லீங்க, லீவுல வந்தப்பக் கொண்டாந்தான். காவான்னு பேரு. அங்க சாவு ஊட்லயும் இதுதான், கல்யாண ஊட்லயும் இதுதானாமா. வேருங்க. இடிச்சுப் பொடியாக்கி, பச்சத் தண்ணில பெசஞ்சு, வடிச்சுக் குடிக்கறது. சாராயம் ஒரு சொட்டு இல்லீங்க. மொளகுக் கொடிச் சாதியாமா."

"தூக்கம் வருதா?"

"கட்டயாட்டம் தூங்கறனுங்க. காத்தால எந்திரிச்சா தலவலி இல்ல, வாய் நாத்தம் இல்ல. பூசாரிகிட்டப் போயிக் கேட்டனுங்க. போதை ஏறுதான்னாரு. நாக்கு மரத்துப்போவுது, அம்புட்டுத்தான்னேன். அப்பக் கிராம்பு கடிச்சாப்பலதான், குடின்னுட்டாரு."

"பூசாரியே சொன்னதுக்கப்புறம் நான் எதுக்குய்யா?"

"அவரு கவுத்துக்குச் சொன்னாருங்க. ஈரலுக்கு நீங்கதானுங்களே சொல்லோணும்."

இதைவிடச் சரியான கேள்வியை எந்த நோயாளியும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியாது. காவா என்ற பெயரையே அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். 'தெரியாது, படித்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை தொடாதே' என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் எதிரில் இருந்தவர் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நோயாளி. அவர் முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு இருந்தது. எனக்கோ பசி. "எங்கே, நானும் பார்க்கிறேன்" என்றேன்.

பொடியைத் துணியில் கட்டித் தண்ணீரில் முக்கி முக்கிப் பிசைந்தார். சேற்றுத் தண்ணீர் போல ஒன்று இறங்கியது.

"அங்கெல்லாம் கைதட்டித்தான் வாங்கோணுமாமுங்க. குடிச்சுப்போட்டு மறுக்கா மூணு தட்டு."

"சரி, தட்டு."

பூட்டப்போன கிளினிக்கில் நடுத்தர வயது மேஸ்திரி ஒருவரும் அறுபதைத் தாண்டிய டாக்டர் ஒருவரும் உட்கார்ந்து கைதட்டினோம். அவர் சிரித்த சிரிப்பில் டம்ளர் தளும்பியது. நான் அரை டம்ளர் குடித்தேன். மண்ணும் மிளகும் கலந்த கசப்பு. நாக்கும் உதடும் பல் டாக்டர் ஊசி போட்டதுபோல் மரத்தன. கால் மணி நேரத்தில் தோள் தளர்ந்தது. தலை தெளிவாகத்தான் இருந்தது. மனதில் ஒரு சமாதானம் வந்தது. கெட்டது எதுவும் இப்படி இருக்காது என்று தோன்றியது. அப்படித் தோன்றவைப்பதே அதன் வேலை என்பதை நான் யோசிக்கவில்லை.

"சாராயத்துக்கு இது எவ்வளவோ தேவலை. குடி" என்றேன்.

"சீட்டுல ஒரு வரி எழுதிக் குடுங்களேன். சரசு நம்பமாட்டாளுங்க. எதக் குடிச்சாலும் மோந்து பாக்கறா."

"கசாயத்துக்கெல்லாம் சீட்டு எதுக்குய்யா?"

அவருடைய நோய்க் குறிப்பு அட்டையிலும் நான் எதுவும் எழுதவில்லை. நேரம் முடிந்துவிட்டது, அட்டை அலமாரியில் இருந்தது, எழுந்து எடுக்க வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

அன்று ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது முன்னால் போன முட்டை வேன் நின்றது. வேன் நிற்பது தெரிந்தது. பிரேக்கை அழுத்த வேண்டும் என்பதும் தெரிந்தது. கால்தான் கொஞ்சம் தாமதமாகப் போனது. முன்சக்கரம் வேனின் பின்பலகையில் லேசாக இடித்தது. டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங்க டாக்டரு, பகல்லயே கனவுங்களா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். அரை டம்ளருக்கு என் கால் அப்படி ஆனதென்றால், முழுச் செம்பு குடித்துவிட்டு வெல்டிங் முனையைப் பிடிப்பவருக்கு என்ன ஆகும் என்று அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காவா பயத்தையும் படபடப்பையும் தணிக்கும், தசைகளைத் தளர்த்தும், தூக்கம் தரும். பசிபிக் தீவுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பெரிய கெடுதல் வருவதில்லை. அதிகமாகக் குடித்தால் நடை தள்ளாடும், எதையும் செய்வதற்குக் கை கால் தாமதிக்கும். நாள்பட அதிகமாகக் குடிப்பவர்களுக்குத் தோல் வறண்டு செதில் செதிலாக உதிரும், கண் சிவக்கும், எடை குறையும். அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பழுதாகும். சில சமயம் உயிர் போகும் அளவுக்கு. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஏற்கெனவே மதுவால் கல்லீரல் கெட்டவர்களும், கல்லீரலுக்குச் சுமை தரும் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் தொடவே கூடாது. தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேரவே கூடாது. இந்தக் காரணங்களுக்காகச் சில நாடுகள் இதன் விற்பனையைத் தடுத்தும் தளர்த்தியும் வந்திருக்கின்றன. இவ்வளவையும் படிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. ஆனால் நான் படித்த அந்தச் சாயங்காலம் ஏழெட்டு மாதம் தாமதமாக வந்தது.

மார்கழியில் நல்லசிவம் தோலைக் காட்ட வந்தார். முழங்காலுக்குக் கீழே வெளிறி, காய்ந்து, சுரண்டினால் உதிர்ந்தது.

"மீன் செதுலாட்ட வருதுங்க. பட்டறப் பசங்க என்னைய ஜிலேபிக் கெண்டைங்கறானுக."

"பெயின்ட் தூசியும் தின்னரும்தான். பனி வேற" என்று களிம்பு எழுதிக் கொடுத்தேன். முதலில் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒரு டம்ளராக இருந்த காவா, அப்போது மத்தியானம் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு என்று ஏறியிருந்தது. மச்சினன், பிஜியிலிருந்து ஊருக்கு வரும் ஆட்களிடமெல்லாம் பொட்டலம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. டாக்டர் குடி என்று சொன்ன ஒன்றை நோயாளி ஏன் தானாக வந்து சொல்லப்போகிறார்? வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் தைலத்தையும் சத்து மாத்திரையையும் வேர்ப்பொடியையும் நம் ஆட்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது அன்பளிப்பு.

பங்குனிக் கடைசியில் காய்ச்சல் என்று வந்தார். உடம்பு வலி. வழக்கமான பாரசிட்டமால் கொடுத்தேன். காய்ச்சல் விட்ட பிறகும், வலிக்காக அதையே கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்; அளவு மீறினால் அதுவும் கல்லீரலைக் கெடுக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் சரஸ்வதி அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கண் மஞ்சள். சாப்பாடு இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது கோபம். நான் காட்டிப் பெருமைப்பட்ட ஆள் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவரிடம் கேட்க முடியாது, கையில் கயிறு இருக்கிறது. சிறுநீர் பிடித்து வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு மனைவியிடம் கேட்டேன்.

"எத்தனை நாளாம்மா மறுபடி ஆரம்பிச்சிருக்கார்?"

"என்னதுங்க?"

"குடி."

"இல்லீங்க. கவுறு கட்டியிருக்காருங்க."

"கயிறு கையிலதான் இருக்கு. கல்லீரல் வேற கதை சொல்லுது."

அந்த வாக்கியம் அப்போது எனக்கே பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தம்மா தன் கால்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு கலங்கத் தண்ணி குடிப்பாருங்க. கசாயம்னாரு. நீங்க சொன்னீங்கன்னாரு. அதுக்குள்ள சாராயத்த ஊத்திக் குடிச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியுமுங்க?"

'நீங்க சொன்னீங்கன்னாரு' என்று சொல்லும்போது நான் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. கணவர் திரும்பி வந்தார். ரத்தப் பரிசோதனை எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தேடிப் பார்க்கும் கண், தேடாத எதையும் பார்க்காது. மஞ்சள் கண்ணோடு ஒருவரை ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு அனுப்பியதும் அந்தக் கோபத்தில் செய்த வேலைதான்.

வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. குடிக்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் சத்தம் போடப் போட, பொய் என்று அந்தம்மாவுக்கு உறுதியாகியிருக்கிறது. அரிப்பாலும் மன வேதனையாலும் தூக்கம் வராமல், டாக்டர் சரி என்று சொன்ன அந்த ஒரே பொருளை இன்னும் அதிகமாகக் குடித்திருக்கிறார். எட்டாவது நாள் வாந்தியோடு சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அங்கே அவரைப் பார்த்தது ஓர் இளம் பெண் மருத்துவர். உங்களில் பலருக்கு இருக்கும் வயதுதான். அவரும் கயிற்றைப் பார்த்திருக்கிறார். கேள்வியைத் தாண்டிப் போகாமல், மாற்றிக் கேட்டிருக்கிறார். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாய்க்குள் என்னென்ன போகிறது, தண்ணீர் உட்பட வரிசையாகச் சொல்லுங்கள் என்று. மூன்றாவதோ நான்காவதோ காவா வந்துவிட்டது.

மறுநாள் காலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். எதிரே ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், நல்லசிவம்னு உங்க பேஷன்ட் இங்க அட்மிட் ஆகியிருக்கார். ரிப்போர்ட் பார்த்தா வெறும் ஆல்கஹால் மாதிரி தெரியலை. காவான்னு ஒரு வேர்ப்பொடி பல மாசமா குடிச்சேங்கறார். உங்ககிட்ட காட்டிக் கேட்டுட்டுத்தான் குடிச்சாராம். எப்பலேர்ந்து, எவ்வளவுன்னு உங்க ரெக்கார்டுல ஏதாவது இருக்கா சார்?"

காவா என்ற சொல் வந்ததும் எல்லாம் ஒரே நொடியில் வந்துவிட்டது. வெள்ளைத் துணி, தளும்பிய டம்ளர், கைதட்டல், முட்டை வேன். மறதி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. அட்டையை எடுத்துப் புரட்டினேன். எழுதாத ஒன்று அதில் இருக்காது என்று தெரிந்தேதான் புரட்டினேன்.

"ரெக்கார்டுல அப்படி எதுவும் இல்லையேம்மா."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்? அவர் உறுதியாச் சொல்றார்."

எதிரே நோயாளி இருந்தார், கதவுக்கு வெளியே இருபது பேர் இருந்தார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணினேன். கேஸ் போடுவார்களா, பெயர் போகுமா, இத்தனை வருடம் என்ன ஆகும்? இவையெல்லாம் வரிசையாக வந்தன. படுத்திருப்பவருக்கு என்ன ஆகும் என்பது அந்த வரிசையில் வரவில்லை.

"இல்லம்மா. ஞாபகம் இல்லை" என்றேன்.

அந்த மருத்துவர் கட்டிலருகே நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நோயாளி சொன்னதை அவர் எதிரிலேயே உறுதி செய்துகொள்வது அவர் வழக்கமாம். நல்ல வழக்கம். கட்டிலின் ஒரு பக்கம் சரஸ்வதி நின்றிருந்தார். படுத்திருந்தவரும் கேட்டார்.

இரண்டு நாள் அவருடைய அட்டையை அலமாரியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் நானே அந்த மருத்துவரை அழைத்து, நடந்ததை முழுவதுமாகச் சொன்னேன். பொடியை நான் ருசி பார்த்தது, குடி என்று சொன்னது, எழுதாமல் விட்டது, கேட்டபோது மறுத்தது எல்லாம். 

"சரி சார். நோட்ஸ்ல எழுதிக்கறேன். பொடியை அன்னிக்கே நிறுத்தியாச்சு, அதனால ட்ரீட்மென்ட்ல பெரிய மாற்றம் இருக்காது" என்றார். பிறகு, "அன்னிக்கு நீங்க போனை வெச்சதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா சார்? 'அவருக்கு ஆயிரம் பேருங்க, மறந்திருப்பாருங்க'ன்னார்."

அவரே மேலே பேசினார்.

"பொடியாத்தான் இருக்கணும்னு நானும் அவங்க வைஃப்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். அவங்க நம்பற மாதிரி இல்லை. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

"சொல்லிக்கறேம்மா" என்றேன்.

சொல்லவில்லை. மருத்துவமனைக் குறிப்பில் உண்மை ஏறிவிட்டது, சிகிச்சைக்கு வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு கணக்குப் போட்டு மனதை அடக்கிக்கொண்டேன். வீட்டாரிடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாமக்கல்லிலிருந்து சேலம் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அவர் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் அவர் முன்னாலேயே சொல்லலாம் என்று தள்ளினேன். அவர் தேறவில்லை. மாற்றுக் கல்லீரல் பற்றிப் பேச்சு எடுக்கும் முன்பே பேச்சுக் குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் போய், நினைவு தப்பியது. சேர்த்த பதினொன்றாம் நாள் இறந்துவிட்டார்.

பழைய மதுவின் பங்கு எவ்வளவு, காவாவின் பங்கு எவ்வளவு, பாரசிட்டமாலின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மருத்துவரும் அப்படித்தான் எழுதினார். அதே பட்டறையில் அதே பொடியைக் குடித்த நான்கு பேரைப் பிறகு வரவழைத்து ரத்தம் பார்த்தேன். ஒருவருக்கு மட்டும் லேசான கோளாறு இருந்தது, நிறுத்தியதும் சரியானது. மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. அரிதான ஆபத்து இப்படித்தான் நம்மை ஏமாற்றும். நம்மைச் சுற்றி நன்றாக இருப்பவர்களே அதிகம் தெரிவார்கள்.

என் தவறு நோயோடும் மருந்தோடும் முடிந்திருந்தால், உங்களுக்கு இதை எழுத வேண்டியதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். வந்திருந்த சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். சரஸ்வதி பாத்திரங்களை எண்ணிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்க. கூட்டத்துல உங்களால வர முடிஞ்சிருக்காதுன்னு நெனச்சனுங்க. மோர் குடிக்கறீங்களா?"

"வேண்டாம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார். நான் கைதட்டியதைக்கூட விடாமல் சொன்னேன். சேலத்து மருத்துவரிடம் ஞாபகம் இல்லை என்றது பொய் என்றும், பிறகு அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். கடைசியில், "அவர் குடிக்கலை. கயிறு கட்டினதிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடலை" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அந்த டாக்டரம்மாகிட்ட எப்பச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"சேர்த்த நாலாம் நாள்."

விரலை மடக்கி எண்ணினார். "நாலாம் நாளு நல்லாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாருங்க. அஞ்சாம் நாளும் பேசினாரு. ஆறாம் நாளு ராத்திரிக்கு மேலதான் ஒளற ஆரம்பிச்சாரு."

"ஆமாம்மா."

"அந்தம்மா எங்கிட்டப் பொடின்னுதான் சொன்னாங்க. புது டாக்டரு, சாகற ஆளுக்குப் பரிஞ்சு பேசறாங்கன்னு நெனச்சேன். பதினஞ்சு வருசமாப் பாத்தவரு நீங்க. அவரு குடிக்கறாருன்னு நீங்க சொன்னீங்க. போன்லயும் இல்லைன்னீங்க. நான் யாரை நம்பறதுங்க?"

குனிந்து சாக்கை எடுத்துக்கொண்டார்.

"கஞ்சி ஊத்தினேன். துணி மாத்தினேன். பீ, மூத்திரம் எல்லாம் எடுத்தேன். ஒரு வார்த்த பேசலீங்க. 'சரசு, நான் தொடல புள்ள'ன்னு மூணு தடவ சொன்னாரு. மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அப்புறம் அவரும் சொல்றத உட்டுட்டாரு. நீங்க ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா எனக்கு ரெண்டு நாளு இருந்துச்சுங்க. முழுசா ரெண்டு நாளு."

குரல் உயரவே இல்லை. சாக்கின் வாயை இழுத்துக் கட்டி முடித்தார். பிறகு உள்ளே பார்த்து மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பள்ளிக்கு விடுப்பு போட்டிருந்த அந்தப் பெண் வெளியே வந்து சுவரோரம் நின்றாள். எனக்கு வணக்கம் சொன்னாள்.

"உங்கப்பன் சாமியையும் நம்மளையும் ஏமாத்திப்போட்டான்னு இவகிட்டச் சொன்னது நானுங்க" என்றார் சரஸ்வதி. "அதனால கொள்ளிச் சட்டிக்குப் பின்னால இவ அழுகாமப் போனா. நான் இப்ப மாத்திச் சொன்னா நம்பமாட்டா. நீங்களே சொல்லுங்க. முன்னாடியிருந்து சொல்லுங்க."

நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டேன். ஐப்பசியில் ஒரு நாள் மதியம் உன் அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார் என்று ஆரம்பித்தேன்.